பதினெட்டு அடி ரயில்

அன்று காலை நடந்தது இது:

1. இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். படிக்கட்டுக்கு இன்னும் கைப்பிடி வைக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

2. பெரிய அறையின் கிழக்குச் சுவரில் டேப்பின் கொக்கியை வைத்து, சித்தாள் வேலைக்கு வந்திருந்த அக்காவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மேற்குச் சுவர் வரை நடந்தேன்.

3. பதினேழு அடி காட்டியது.

4. டேப் நடுவில் தொய்ந்திருக்கும் என்று நினைத்தேன். தொய்ந்தால் அளவு கூடும், குறையாது என்பது ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. இருந்தாலும் தரையோடு வைத்து மறுபடி அளந்தேன்.

5. பதினேழு.

6. அடுத்த அறையை அளந்தேன். பத்து இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தது.

7. கீழே இறங்கி வந்து, வாசலில் மணல் சலித்துக்கொண்டிருந்த நைனாவிடம், "ஒரு அடி எங்க?" என்று கேட்டேன்.

8. "பக்கத்து ரூம்ல கீது" என்றார்.

சென்ற வாரப் பத்தியில், ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் கன்வேயர் பராமரிப்புப் பிரிவில் நான் சேர்ந்ததைச் சொல்லியிருந்தேன். இந்த வாரம் வீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் வீடு உத்திரமேரூருக்குச் சற்று வெளியே இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் வயல். அண்ணனுக்குப் பெண் பார்த்து முடிவானதும் நைனா மாடி எடுக்க ஆரம்பித்தார். மாடியில் இரண்டு அறைகள், நடுவில் ஒரு சுவர். ஓர் அறை அண்ணனுக்கும் வரப்போகிற அண்ணிக்கும். இன்னொன்று, பெரியது, எனக்கு.

என் அறையில் ரயில் ஓடப்போகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவுள்ள சிறிய ரயில். பாதை மட்டும் சிறியது அல்ல. அறையின் நான்கு சுவர்களையும் ஒட்டி இடுப்பு உயரத்தில் பலகை அடித்து, அதன் மேல் தண்டவாளம் போட்டு, ஒரு பக்கம் மேலே ஏறி, தன் பாதையையே தான் தாண்டி, மறுபக்கம் இறங்கும்படி வரைந்து வைத்திருந்தேன். பலகைகளை ஆசாரி அறுத்தே கொடுத்துவிட்டார். பதினெட்டு அடிக்கு.

ஆகும், ஆகாது

கட்டடத்தைக் கட்டியவர் ஏழுமலை மேஸ்திரி. எங்கள் பக்கத்து வீடுகளில் பாதி அவர் கட்டியவை. அவர் வந்து வண்டியை நிறுத்தும் வரை வாசலிலேயே நின்றேன்.

"மேஸ்திரி, பிளான்ல பதினெட்டுனு போட்டிருக்கு."

"பிளானு போட்டவரு இஞ்சினியரு, பாப்பா. அவுரா வந்து குடியிருக்கப் போறாரு?"

"ஏன் மாத்தினீங்க?"

"பதினெட்டு ஆவாது."

"எதுக்கு ஆவாது?"

"எதுக்குமே ஆவாது. எட்டு ஆவும். பத்து, பதினொன்னு ஆவும். பன்னெண்டுலேர்ந்து பதினஞ்சு வரிக்கும் கிட்டயே போவாத. பதினாறு, பதினேழு ஜோரு. பதினெட்டும் பத்தொம்பதும் வாணாம். இருவதுக்கு மேல ரெண்டு மூணு நல்லா கீது."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொல்றதுக்கு இன்னா கீது? நடுச்சொவத்த ஒரு அடி அந்தாண்ட தள்ளி எழுப்பினோம். இதுக்குப் போயி தண்டோரா போடுவாங்களா?"

அவர் சொன்னதில் தவறில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டு பிளான் என்பது அனுமதி வாங்குவதற்கு. அறைகளின் உள்ளளவை மனையடி சாஸ்திரம் பார்த்து மேஸ்திரி சரிசெய்துகொள்வார். யாரும் அதை மாற்றம் என்று நினைப்பதில்லை. குழம்பில் உப்பு சரிபார்ப்பது போல. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் எனக்கும் தெரியும். ஆனால் என் ரயிலோடு அதைச் சேர்த்து நான் யோசித்ததே இல்லை. மின்சாரம், சுமை, சரிவு, தூசி, எலி என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் வைத்திருந்தேன். மனையடி எந்தப் பட்டியலிலும் இல்லை.

நைனா சல்லடையைக் கீழே வைத்தார்.

"ஒரு அடி தானம்மா?"

"பலகை எல்லாம் பதினெட்டுக்கு அறுத்தாச்சு நைனா. நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நெல்லு மூட்ட அடுக்கற ரூமுன்னா பதினெட்டு இன்னா, பத்தொம்பதே வுட்டிருப்பேன். நீ இருக்கப் போற ரூமு."

கையிலிருந்த டேப்பைப் பாதி இழுத்து உள்ளே விட்டேன். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஒருவர் நம் பேரைச் சொல்லி ஒரு சுவரைத் தள்ளி வைத்திருக்கும்போது அளவைப் பற்றி வாதிடுவது கஷ்டம்.

ஏழுமலை மேஸ்திரி குறுக்கே வந்தார். "ரயிலு தான பாப்பா? ஜன்னலு வழியா வெளிய வுடு. அப்பிடியே பஸ் ஸ்டாண்டு வரிக்கும் போவட்டும். ஊருக்கு ரயிலு வுட்ட புண்ணியம் நம்ம வூட்டுக்கு."

மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சித்தாள் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "மொத டிக்கெட்டு எனக்கு" என்றார்.

முழு ரயில்

உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ போனால்தான் பார்க்கலாம். சிறு வயதில் நைனாவிடம் நம் ஊருக்கு ஏன் ரயில் இல்லை என்று கேட்டிருக்கிறேன். "அதான் பஸ்ஸு கீதே" என்றார். கேள்விக்கு அது பதில் இல்லை என்று அப்போதே தெரிந்தது.

நைனாவின் தங்கையைத் திருமுக்கூடலில் கொடுத்திருந்தார்கள். விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போனால் பாலாற்றங்கரையில்தான் இருப்போம். ஆற்றில் மணல், முள்செடி, ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். அக்கரையில் பழைய சீவரம். மலையடிவாரத்தில் ஒரு கோடு போல ரயில் போகும். முதலில் தெரியும். அப்புறம்தான் சத்தம் வரும். அந்த இடைவெளி ஏன் என்று பத்தாம் வகுப்பில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. விடை ஏற்கெனவே கையில் இருந்தது.

அவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பதில் ஒரு வசதி. ரயில் முழுசாகத் தெரியும். இன்ஜினிலிருந்து கடைசிப் பெட்டி வரை, ஒரே பார்வையில்.

செங்கல்பட்டில் டிப்ளமோ படிக்கும்போதுதான் முதன்முதலாக ரயிலில் ஏறினேன். பெரிய ஏமாற்றம். உள்ளே உட்கார்ந்தால் ரயிலே தெரியவில்லை. எதிரில் ஒருவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் துரு வாசனை. அது ஒரு நீளமான பஸ்.

தொழிற்சாலையில் சேர்ந்த பிறகு ஒரு மதிய இடைவேளையில் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். எந்த நாடு என்று தெரியவில்லை. ஸ்வெட்டர் போட்ட ஒரு வயதான மனிதர் தன் வீட்டின் நிலவறை முழுக்க ரயில் பாதை போட்டிருந்தார். மலை, பாலம், சந்தை, ஆட்டு மந்தை எல்லாம் இருந்தன. நான் அவற்றைப் பார்க்கவில்லை. ஒரு நீண்ட ரயில் சரிவில் ஏறி, வளைந்து, தன் வாலையே மேலிருந்து தாண்டிப் போனது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சாப்பாட்டு டப்பாவை மூடுவதற்குள் மணி அடித்துவிட்டது.

எனக்கு வேண்டியது அன்றே முடிவாகிவிட்டது. பத்துப் பெட்டிகள். ஓர் இன்ஜின். நான்கு அங்குல ஏற்றம். நான் அறையின் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும், ரயில் முழுசாக என்னைச் சுற்றிப் போக வேண்டும்.

கணக்குப் பார்த்தேன். நான்கு அங்குலம் ஏற ஒரு நீளம் வேண்டும். நீளம் குறைந்தால் சரிவு கூடும், சரிவு கூடினால் இன்ஜின் சக்கரம் வழுக்கும். கையில் அப்போது பத்துப் பெட்டி இல்லை. இருந்த இரண்டு பெட்டிகளில் நட்டும் போல்ட்டும் நிரப்பிப் பத்துப் பெட்டியின் எடைக்குக் கொண்டுவந்தேன். கீழ்க்கூடத்தில் ஒரு பலகையைப் போட்டு, ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி ஓட்டிப் பார்த்தேன். பதினெட்டு அடி அறைக்கு வரும் சரிவில் ஏறியது. அதற்கு ஓர் அடி குறைந்தால் வரும் சரிவில், பாதி தூரம் போய், அங்கேயே நின்று சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓரத்து வளைவுகளை இறுக்கி இடம் பிடிக்கலாம் என்றால், நீளமான பெட்டிகள் வளைவில் தடம் புரண்டன.

பதினெட்டு என்று பிளானில் எழுதச் சொன்னது நான்தான். அண்ணனுக்குப் பத்து, எனக்குப் பதினெட்டு. அதில் ஆசை ஏதும் இல்லை, அதுதான் கணக்கில் வந்தது.

சுவர் நிற்கக்கூடிய இடங்கள்

நாட்காட்டி அட்டையின் பின்பக்கம் மனையடி அளவுகள் அச்சிட்டிருக்கும். சமையலறை நாட்காட்டியைக் கழற்றி மேசையில் வைத்து உட்கார்ந்தேன். காரணம் எழுதாத அளவுப் பட்டியல்கள் எனக்குப் புதிதல்ல. தொழிற்சாலையில் வரும் இயந்திரக் குறிப்பேடுகளும் அப்படித்தான் இருக்கும். இந்த எண் கூடும், இந்த எண் கூடாது. ஏன் என்று எழுதியவருக்குத்தான் தெரியும்.

சுவரின் கனம் போக இரண்டு அறைகளுக்கும் சேர்த்து உள்ளளவு இருபத்தெட்டு அடி. அதை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஆகும் எண்ணாக வர வேண்டும்.

பதினெட்டும் பத்தும்: பத்து ஆகும், பதினெட்டு ஆகாது.

பத்தொன்பதும் ஒன்பதும்: இரண்டுமே ஆகாது.

பதினேழும் பதினொன்றும்: ஆகும். சுவர் இப்போது அங்கே நிற்கிறது.

இருபதும் எட்டும்: ஆகும்.

இருபத்திரண்டும் ஆறும்கூட ஆகும். ஆனால் ஆறடி அறையில் அண்ணன் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும்.

ஆக எனக்கு வழி ஒன்றுதான். இருபது. நடுச்சுவர் மூன்று அடி நகர வேண்டும். எனக்குத் தேவைக்கு மேல் இரண்டு அடி கிடைக்கும், அண்ணனின் அறை எட்டு அடியாகும். நைனாவின் மனசுக்கும் குறை வராது. தாளில் எல்லாம் சரியாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்பாகச் செய்ய வேண்டும், பூச்சு வேலைக்கு முன்பாகச் செய்ய வேண்டும். பூசிவிட்டால் இடிக்க நைனா ஒப்பமாட்டார் என்று தெரியும்.

எல்லோரும் சரி என்றார்கள்

அன்று மாலை அத்தை திருமுக்கூடலிலிருந்து வந்திருந்தார். அண்ணனுக்குப் பெண்ணைக் காட்டியது அவர்தான். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து, அதே பழைய சீவரத்திலிருந்து. பெயர் அமுதா.

நான் தாளை விரித்து விளக்கினேன். அத்தை தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ரயிலு வுடறதுக்கு ஒரு ரூமு. நாளிக்கு உனக்குன்னு ஒருத்தன் வந்தான்னா எங்கடி படுப்பான்? பிளாட்பாரத்துலயா?"

"வெயிட்டிங் ரூம் கட்டிக் குடுத்துடறேன் அத்த" என்றேன்.

"வாயப் பாரு. எண்ணே, நீ குடுக்கற எடம் தான் இது."

நைனா கேட்டுக்கொள்ளவில்லை. தாளில் இருபது, எட்டு என்ற இரண்டு எண்களை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார். "ரெண்டும் ஆவும்" என்றார். பிறகு, "மேஸ்திரியாண்ட சொல்றேன். ரெண்டு நாளு வேல. இடிச்சிட்டு தள்ளிக் கட்டிக்கலாம்."

அம்மா சமையலறையிலிருந்து, "அவன கேட்டீங்களா?" என்றார்.

அண்ணன் டிராக்டர் ஓட்டிவிட்டு வந்து, கழுவாத காலோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவன் சண்டை போடுவான் என்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை.

"எடுத்துக்கோ திவ்யா. நான் ராத்திரிக்கு வந்து படுக்கப் போறேன், அவ்ளோ தான? எட்டு அடின்னா இன்னா, பத்து அடின்னா இன்னா."

"பதினொன்னு" என்றேன். "இப்ப பதினொன்னு கீது."

"ஏதோ ஒன்னு."

அவ்வளவுதான். ஒரு மாலையில் எனக்கு மூன்று அடி கிடைத்துவிட்டது. எதிர்ப்பு இல்லாமல் கிடைத்ததால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். தாளை மடிக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. வேலையில் இருக்கும் பழக்கம். ஒரு மாற்றத்துக்குக் கையெழுத்து வாங்கும்போது, இயந்திரத்தின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்பவரைக் கேட்டோமா என்று பார்ப்போம். எட்டு அடி அறையில் பகல் முழுக்க இருக்கப் போவது அண்ணன் அல்ல.

"மேஸ்திரியாண்ட இப்பவே சொல்லாத நைனா" என்றேன். "ஞாயித்துக்கெழம அவங்க வராங்கல்ல, பாத்துக்கலாம்."

"அவங்க எதுக்கு?" என்றார் அத்தை. "பொண்ணு வூட்டுக்காரங்களையா கேப்பாங்க, சொவரு எங்க வெக்கலாம்னு?"

இஞ்ச் டேப்

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். வீடு பார்க்க வருவது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டில் எங்கே, பீரோ எங்கே என்று பெண்ணின் அம்மா பார்த்து வைத்துக்கொள்வார். பெண் வருவது வழக்கமில்லை. அமுதா வந்திருந்தார். "ஆட்டோல எடம் இருந்துச்சி, ஏறிட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார். ஆட்டோவிலிருந்து ஏழு பேர் இறங்கியதை நான் பார்த்தேன்.

பெரியவர்கள் கீழே காபி குடித்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். ஈரச் செங்கல் வாசனை அடித்தது. மேஸ்திரியின் ஆட்கள் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

"இதான் அண்ணி உங்க ரூமு."

அமுதா அறையைப் பார்க்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போனார். உள்ளங்கையை நீட்டி வெயிலில் வைத்துப் பார்த்தார்.

"வெளிச்சம் எது வரிக்கும் இருக்கும் இங்க?"

"சாயங்காலம் வரைக்கும் இருக்கும். வெயில் மத்தியானத்தோட போயிடும்."

"நல்லதா போச்சி. வெயிலு நேரா அடிச்சா ஜரிக கண்ணக் கூசும்."

கைப்பையிலிருந்து மஞ்சள் இஞ்ச் டேப்பை எடுத்தார். தையற்காரர்கள் கழுத்தில் போட்டுக்கொள்வது. என் பையில் இரும்பு டேப் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

அமுதா ஆரி வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பெண்களின் ரவிக்கைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் கோக்கும் வேலை. அந்தச் சட்டம் எவ்வளவு பெரியது என்று தெரியாது. ஜன்னலுக்குக் கீழே மண்டியிட்டு அளந்தார். சுண்ணாம்புக் கட்டி ஒன்றைத் தேடி எடுத்துத் தரையில் கோடு போட்டார்.

"ஃபிரேமு அஞ்சடி. இந்தாண்ட நான் ஒக்காருவேன். இன்னொருத்தி வந்தான்னா அந்தாண்ட ஒக்காருவா. கட்டில அந்த மூலையில சேத்துப் போட்டா பீரோ கதவு தொறக்கும். மொதல்ல பத்துன்னு சொன்னாங்க. பத்துன்னா பீரோவா ஃபிரேமான்னு யோசன. போன வாரம் பதினொன்னு ஆச்சின்னு எங்க அம்மா சொன்னாங்க. அன்னிலேர்ந்து தூக்கம் இல்ல எனக்கு."

அவர் கோடு போட்டுக்கொண்டே போனார். கட்டில், பீரோ, சட்டம். தரையில் ஓர் அறை உருவாகிவிட்டது. நான் வாசலில் நின்றேன்.

அந்த ஓர் அடியை நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் அளந்திருக்கிறோம். ஒருத்திக்குக் குறைந்தது, இன்னொருத்திக்குக் கிடைத்தது.

"அண்ணி, ஒன்னு கேக்கணும்" என்றேன்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ரயில், ஏற்றம், பதினெட்டு, பதினேழு, இருபது. சுவரை மூன்று அடி இந்தப் பக்கம் தள்ளினால் இந்த அறை எட்டு அடி ஆகும் என்பதை மறைக்காமல் சொன்னேன். அமுதா சுண்ணாம்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அவுரு இன்னா சொன்னாரு?"

"எடுத்துக்கோன்னு சொன்னான்."

"மாமா?"

"சரின்னு சொல்லிட்டாரு."

"அப்புறம் என்னாண்ட எதுக்கு கேக்கறீங்க?"

"நீங்க தான இங்க இருக்கப் போறீங்க."

அவர் சுண்ணாம்புக் கட்டியைத் தரையில் வைத்தார். கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"மெய்யாலுமே கேக்கறீங்களா, இல்ல, கேட்டேன்னு பேருக்கா?"

"மெய்யாலுமே."

"அப்ப வாணாம்" என்றார். "எனக்கு இது வேணும். எங்க வூட்ல ஆறு பேரு, ஒரு ரூமு. ஃபிரேம தெனமும் பிரிச்சி, தெனமும் கட்டறேன். பிரிச்சா துணி தளந்துடும், மறுபடி இழுக்கணும். ஒரு நாளாவது கட்னது கட்னபடி இருக்கணும்னு நான் கேக்காத சாமி இல்ல."

"சரி" என்றேன்.

அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். பக்கத்திலிருந்த என் அறைக்கு அவரே நடந்தார். நான் தரையில் போட்டு வைத்திருந்த கோடுகளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"தோ, இந்த வாசப்படியாண்ட எப்பிடி போவும் ரயிலு? நீங்க எப்பிடி உள்ள வருவீங்க?"

"கீல் வெச்ச பலகை. தூக்கினா வழி, இறக்கினா பாதை. ரயில் போகும்போது எறக்கி வெச்சிருக்கணும்."

"அட கடவுளே, இங்கயும் ரயில்வே கேட்டா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் பன்னெண்டாவது பரிட்சைக்கு அரமணி லேட்டு, கேட்டு போட்டுட்டான்னு. கல்யாணம் பண்ணிக்கினு போனாலாவது கேட்டு இல்லாத ஊருக்குப் போலாம்னு பாத்தா, வூட்டுக்குள்ளயே கேட்டு போட்டு வெச்சிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க வீட்டாண்ட ரயில் முழுசா தெரியுமா?"

"முழுசா தெரியாம? கேட்டாண்ட நின்னா கடசிப் பொட்டி போற வரிக்கும் பாத்து தான ஆவணும். பேஜாரு. சொவத்துல மாட்டற போட்டோலாம் கோணிக்கும், தெனம் நிமித்தணும்."

"நான் அக்கரையில இருந்து பாத்திருக்கேன். அது மாதிரி முழுசா பாக்கணும்னு தான் இதெல்லாம்."

"அதுக்கு எதுக்கு மேல ஏறணும்? எங்க ஊர்ல தரையில தான் போவுது."

நான் சரிவைப் பற்றியும் தன் வாலைத் தானே தாண்டும் பாதையைப் பற்றியும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். புரிந்ததா என்று கேட்டேன். "புரிஞ்சிது. நல்லா தான் இருக்கும்" என்றார். "ஆனா அந்த ஒரு அடி என்னுது."

கீழேயிருந்து அவருடைய அம்மா கூப்பிட்டார்.

இல்லை என்ற சொல்

எங்கள் வீட்டில் கடைசிப் பிள்ளை நான். படித்தவள், சம்பளம் வாங்குகிறவள். நான் கேட்டதற்கு வீட்டில் யாரும் "இல்லை" என்று சொன்ன நினைவு எனக்கு இல்லை. அதனால் நான் கேட்பதையும் கணக்குப் பார்த்துத்தான் கேட்பேன். அமுதா "வாணாம்" என்றபோது வருத்தம் இருந்தது. பலகைகளை நினைத்தேன், செங்கல்லில் சாய்த்து ஓட்டிப் பார்த்த மாலைகளை நினைத்தேன். அதோடு வேறொன்றும் இருந்தது. வேலையில் ஓர் அளவு உறுதியானதும் வருகிற நிதானம். இனி அது மாறாது, மற்றதைப் பார்க்கலாம்.

நைனாவிடம், சுவர் இருக்கட்டும் என்றேன்.

"அந்தப் பொண்ணு ஏதாச்சும் சொல்லிச்சா?"

"நான் கேட்டேன், அவங்க சொன்னாங்க."

நைனா தலையை ஆட்டினார். அத்தை வாயைத் திறந்தார், நைனா அவரைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். மறுநாள் ஏழுமலை மேஸ்திரி பூச்சு வேலையை ஆரம்பித்தார். நடுச்சுவரைத்தான் முதலில் பூசச் சொன்னேன்.

பதினேழு அடியில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஏற்றத்தை வைத்துக்கொண்டு பெட்டிகளைக் குறைப்பது. பெட்டிகளை வைத்துக்கொண்டு ஏற்றத்தை விடுவது. ஒரு வாரம் இரண்டையும் தாளில் வரைந்து வைத்திருந்தேன். ஐந்து பெட்டி ரயில் அழகாக ஏறியது, இறங்கியது, தன் மேல் தானே தாண்டியது. ஆனால் அது குட்டையாக இருந்தது. அக்கரையிலிருந்து நான் பார்த்தது அதுவல்ல. தொழிற்சாலை பஸ்ஸில் போகும்போது ஒரு நாள், ஏற்றம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். மேம்பாலத்தை வரைந்த தாளைக் கிழிக்கவில்லை. கிழிப்பது நாடகமாக இருக்கும். மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

ஆசாரி வந்து பலகைகளின் ஒரு முனையில் ஓர் அடி அறுத்துத் தந்தார். அறுத்த துண்டுகளை அம்மா ஊறுகாய் ஜாடிகளுக்கு அடியில் போட்டுக்கொண்டார்.

இப்போதைய நிலவரம்

கல்யாணம் முடிந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. அண்ணியின் சட்டம் ஜன்னலோரம் கட்டியபடியே நிற்கிறது. அவரோடு வேலை செய்ய மானாம்பதியிலிருந்து ஒரு பெண் வருகிறாள். இரண்டு பேரும் வேலை செய்துகொண்டே யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருப்பார்கள், பெரும்பாலும் அண்ணனை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும்.

என் அறையில் மூன்று பக்கம் பலகை முடிந்தது. வாசலில் தூக்கும் பலகைக்குக் கீல் வாங்கிவிட்டேன், இன்னும் பொருத்தவில்லை. அறுவடைக் காலத்தில் வயலிலிருந்து வரும் நெல் சுணைத் தூசி தண்டவாளத்தில் படிந்து மின்சாரத்தைத் தடுக்கிறது. அதற்கு ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டும். வடக்குச் சுவரோரம் பாதை போட்டாகிவிட்டது, தெற்குச் சுவரோரமும். அவற்றைச் சேர்க்கும் வளைவுகள் இரண்டும் பாக்கி.

பத்துப் பெட்டிகளில் ஆறு வந்திருக்கின்றன. சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆறையும் கோத்து வடக்குப் பாதையில் ஓட்டினேன். மெதுவாகப் போனது. இன்ஜினிலிருந்து ஆறாவது பெட்டி வரை ஒரே பார்வையில் தெரிந்தது. பாதை முடியும் இடத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன்.